ஒன்பது வளையங்கள்

ஜெசிந்தாவுக்கு நடந்தது அநீதி. சுற்றி வளைக்காமல் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவள் கண்டுபிடித்த ஈயை அவளுடைய ஆசிரியை சுலைகா வாங்கிப் பார்த்தார், அலமாரியில் வைத்தார், பூட்டினார். எட்டு மாதம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஈ என்றால் சோற்றுத் தட்டில் வந்து உட்காருகிற ஈ அல்ல. மணல் ஈ. எள்ளளவுதான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம். பறந்தால் சத்தம் வராது. உட்கார்ந்தால் இரண்டு சிறகையும் மேலே தூக்கி வைத்துக்கொள்ளும், வகுப்பில் கை தூக்கும் பிள்ளையைப் போல. சில இனங்கள் கடித்த இடத்தில் ஆறாத புண் வரும். சில இனங்கள் பல்லியைத் தவிர வேறு யாரையும் தொடாது. எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் எது எது என்று பிரித்துச் சொல்ல உலகத்தில் சில பேர் தேவைப்படுகிறார்கள்.

மேகம் தரையில் நடந்து போகும் ஒரு மலையடிவாரத்தில் அந்தச் சில பேரில் இரண்டு பேர் இருந்தார்கள். ஆசிரியைக்கு நாற்பத்தொரு வயது. மாணவிக்கு இருபத்தைந்து. இரண்டு அறை, ஒரு மைக்ரோஸ்கோப், ஒரு அலமாரி. மழைக்காலத்தில் மேகம் ஒரு ஜன்னல் வழியாக வந்து இன்னொரு ஜன்னல் வழியாகப் போய்விடும். அப்போது இருவரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

ஜூலை மாதம். ஜெசிந்தா ஒரு ஈயைப் பதித்த மெல்லிய கண்ணாடிச் சில்லைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள்.

“மேடம், இது புதுசு.”

ஆசிரியை குனிந்து பார்த்தார்.

பெண் மணல் ஈயின் வயிற்றுக்குள், ஆணின் விந்தைச் சேமித்து வைக்க இரண்டு சிறு பைகள் உண்டு. அந்தப் பைகளில் வளையங்கள் இருக்கும். இனத்துக்கு இனம் எண்ணிக்கை மாறும். ஈயைக் காரக் கரைசலில் ஊறப்போட்டால் சதை கரைந்து உடம்பு கண்ணாடிபோல் ஆகிவிடும். பிறகு எண்ணலாம்.

“எத்தனை எண்ணினே?”

“பன்னிரண்டு. எந்தப் புத்தகத்துலயும் பன்னிரண்டு கிடையாது. அந்தக் காலத்துப் பட்டாளத்து டாக்டர் ஒருத்தர் இதே மாதிரி ஒண்ணை வரைஞ்சு வச்சிருக்கார். அதுல ஒன்பதுதான்.”

“கரைசல்ல எவ்வளவு நேரம் போட்டே?”

“ஒரு ராத்திரி காத்திருக்கப் பொறுமை இல்ல மேடம். விளக்குல காட்டிச் சூடாக்கினேன். ஏன்?”

ஆசிரியை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே மழை விட்டது, மறுபடியும் பிடித்தது.

“இது எங்கே கிடைச்சது?”

“ஆட்டுக் குகையில.”

ஆசிரியை நிமிர்ந்தார். “இதோட ஆண் எங்கே?”

“கிடைக்கல.”

“கொண்டு வா,” என்று சொல்லிவிட்டுச் சில்லை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ஆட்டுக் குகை, அந்த இரண்டு அறைக்கு மேலே ஒரு மணி நேர நடை. இசக்கியம்மாள் என்பவள் தன் ஏழு ஆடுகளை மழைக்கு அங்கேதான் அடைப்பாள். ஜெசிந்தா சுவரிடுக்குகளில் ஆமணக்கெண்ணெய் தடவிய தாள்களைச் செருகுவாள். விடியற்காலையில் வந்து, ஒட்டியிருக்கும் ஈக்களைத் தூரிகையால் எடுப்பாள். ஆடுகளின்மேல் உட்கார்ந்திருப்பவற்றைக் கண்ணாடிக் குழலால் உறிஞ்சிப் பிடிப்பாள்.

“என்ன தாயி, காத்தைக் குடிக்கே?” என்று முதல்நாள் இசக்கி கேட்டாள்.

“ஈ பிடிக்கேன் அக்கா.”

“வாயாலயா? படிச்ச பிள்ளையில்லா நீ!”

“குழலுக்குள்ள வலை இருக்கு. வாய்க்குள்ள வராது.”

“வந்தாத் துப்பிரு. முழுங்கிராத. ஒன் அம்மைக்கு நான் பதில் சொல்ல முடியாது.”

ஜெசிந்தா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். புது ஈக்கு இசக்கியின் பேரை வைப்பதாக. கண்டுபிடித்தவர் தன் பேரைத் தானே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. வேறு யார் பேரையும் வைக்கலாம். இந்தக் குகையில் வேறு யார் பேர் இருக்கிறது?

“என் பேரை ஈக்கா?” இசக்கி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். “எங்க அத்தைக்காரி கேட்டா, பொருத்தமாத்தான் வச்சிருக்காவும்பா.”

ஆனால் மறுநாளிலிருந்து குகைக்குள் நுழையும்போதெல்லாம் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுவாகிவிட்டது. “என் ஈ எப்படி இருக்கா?”

அலமாரியில் இருக்கா. அதை எப்படிச் சொல்வது? ஜெசிந்தாவின் உதவித்தொகை மார்ச் மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் புது இனம் என்று ஆசிரியை கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் அவளுடைய ஆய்வு நிற்கும். போடாவிட்டால் மூன்று வருஷமும் எண்ணெய்த் தாளில் ஒட்டிய ஈதான்.

ஆகஸ்டில் போனாள். செப்டம்பரில் போனாள்.

“ஆண் கிடைச்சுதா?” என்பார் ஆசிரியை.

“இல்ல.”

“வேற என்ன கிடைச்சது?”

“உங்க ருக்கையாதான். நாப்பது, அம்பது. வழக்கம்போல கொட்டிட்டேன்.”

ஆசிரியை தலையசைப்பார். அந்த அசைவுக்கு என்ன பொருள் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியவில்லை.

ருக்கையா என்பதும் ஒரு மணல் ஈதான். பதினைந்து வருஷத்துக்கு முன் இதே குகையில் சுலைகா கண்டுபிடித்தது. கிடைத்ததெல்லாம் ஆண். அதை வைத்தே பேர் வைத்தார். அந்த ஒரு ஈதான் அவருக்குப் பட்டமும் இந்த இரண்டு அறையும் வாங்கிக் கொடுத்தது. முதன்முதலில் பிடித்த ஆண் இன்னும் அலமாரியில் இருக்கிறது, சிவப்பு வட்டம் ஒட்டிய சில்லில். பேருக்குச் சாட்சி அந்தச் சில்லுதான்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது, ஜெசிந்தா கேட்டாள்.

“ருக்கையா யாரு மேடம்?”

“எங்க உம்மா.”

“கடிக்கிற ஈக்கா உம்மா பேரை வச்சீங்க?”

“எங்க உம்மாவும் கடிப்பா.”

ஜெசிந்தா சிரித்தாள். ஆசிரியையும் சிரித்தார். மேகம் உள்ளே வந்தது. மேஜை மறைந்தது. பிறகு ஆசிரியையும் மறைந்தார். குரல் மட்டும் வந்தது.

“நான் ஏழாங் கிளாஸ் படிக்கிறப்போ கணக்கெடுக்க ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். வீட்டுல யாரெல்லாம்னு கேட்டார். வாப்பா தன் பேரைச் சொன்னாங்க. மத்தவங்கன்னு கேட்டார். ஆறு பேருன்னாங்க. அவரும் ஆறுன்னு எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கிட்டார். உம்மா உள்ளே நின்னுக்கிட்டு அவருக்குச் சர்பத் கலக்கிட்டு இருந்தா.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“சர்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

மேகம் போனபோது தேநீரில் ஆடை படிந்திருந்தது.

நவம்பரில் ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஈயோட ஒரே ஒரு காலை மட்டும் பிச்சு லேபுக்கு அனுப்பினாப் போதும் மேடம். மரபணுவைப் பார்த்து அவங்களே சொல்லிருவாங்க. விண்ணப்பத்துல உங்க கையெழுத்து மட்டும்தான் வேணும்.”

“குகைக்குப் போ.”

“குகை எங்கேயும் ஓடிராது. என் மார்ச்சு ஓடிரும்.”

ஆசிரியை விண்ணப்பத்தை வாங்கி, மடித்து, ஒரு புத்தகத்துக்குள் வைத்தார்.

“இது நியாயமா?”

ஆசிரியை புத்தகத்தை மூடினார்.

“புதுசு இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. நான் வாதாடுவேன், நீங்க வாதாடுங்க. யார் ஜெயிக்காங்கன்னு பார்ப்போம். பூட்டி வைக்கிறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?”

“இல்ல,” என்றார் ஆசிரியை.

அவ்வளவுதான். அந்த ‘இல்ல’ எந்தக் கேள்விக்கான பதில் என்று ஜெசிந்தா மலையேறும்போதெல்லாம் யோசித்தாள்.

மார்ச் பிறந்தது. மலையில் மழை இல்லை. விடியற்காலையில் பனி மட்டும் இறங்கியது. இசக்கி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா எண்ணெய்த் தாளைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள்.

“மாப்பிள்ளை அம்புட்டானா?”

“இல்ல அக்கா. இந்தா, ரெண்டு பெண்ணு. மிச்சமெல்லாம் ருக்கையா.”

“ருக்கையாவும் பொண்ணுதான?”

“பேருதான் பொண்ணு. ஈ ஆண்.”

இசக்கி தழையைக் கீழே வைத்தாள். “ஆம்பளப் பயலுக்குப் பொம்பளப் பேரா? சரி, இருக்கட்டும். அவன் பொஞ்சாதி எங்க?”

“பதினஞ்சு வருஷமாத் தேடியும் கிடைக்கல.”

“என் ஈக்குப் புருஷன் கிடைக்கல.”

“ஆமா.”

“அவனுக்குப் பொஞ்சாதி கிடைக்கல.”

“ஆமா.”

“ரெண்டு பேரும் ஒரே குகையில கெடக்காவ.” இசக்கி சிரிக்க ஆரம்பித்தாள். ஆடுகள் திரும்பிப் பார்த்தன. “ஏ தாயி, எங்க ஊருத் தரகன் இதைக் கேட்டா வயித்துல அடிச்சுக்கிடுவான். ஒரு சோலியும் இல்லாம கமிஷன் வாங்கிட்டுப் போயிருப்பானே!”

ஜெசிந்தா சிரிக்கவில்லை.

“ஆணுக்கு வளையமே கிடையாதுக்கா, எதை வச்சுப் பொருத்த?” என்றாள். தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. “வந்து... அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”  எட்டு மாதமாகக் கொட்டிய ஆண்களை மனதுக்குள் எண்ணினாள். எண்ண முடியவில்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே குகைக்கு வந்துவிட்டாள். தாள் கொண்டுவரவில்லை. குழல் மட்டும்.

பனி குகைக்குள் புகுந்தது. எது வெளி, எது உள் என்று தெரியவில்லை. ஆடுகள் அசைபோடும் சத்தம் மட்டும் கேட்டது. கறுத்த ஆட்டின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து இறங்கின. ஆண்கள். ஒவ்வொன்றும் ஒரு விரற்கடை இடத்தைப் பிடித்துக்கொண்டு சிறகை விசிறிக்கொண்டு நின்றது. ஆட்டின் முதுகு மெல்லிய வெளிச்சத்தில் மூச்சு விடுவதுபோல் இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் சொருகியது.

குகை ஒரு வகுப்பறையாக இருந்தது. ஈக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆசிரியை கையில் வருகைப் பதிவேடு. முதலில் ஒரு கர்னலின் பேரைக் கூப்பிட்டார். பட்டாளத்து டாக்டர் தன்னுடைய ஈக்குத் தன் மேலதிகாரி கர்னலின் பேரைத்தான் வைத்திருந்தார். கடைசி வரிசையில் ஒரு சிறகு உயர்ந்தது. ருக்கையா, என்றார். அதே சிறகு உயர்ந்தது. இசக்கி, என்றார். அதே சிறகு. யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஜெசிந்தா எழுந்து ஆட்சேபிக்கப் பார்த்தாள். அவளுக்குக் கால் இல்லை. பிய்த்து எங்கோ அனுப்பிவிட்டிருந்தார்கள்.

“தாயி,” என்று இசக்கி தோளைத் தொட்டாள். கிசுகிசுத்தாள். “அங்க பாரு. தாலி ஏறிட்டு.”

கறுத்த ஆட்டின் முதுகில் இரண்டு ஈக்கள் பின்புறத்தோடு பின்புறம் ஒட்டி நின்றன. ஒன்று சிறகு விசிறிய ஆண். இன்னொன்று, சற்றுப் பெரியது, பெண்.

ஜெசிந்தா குழலை வைத்தாள். ஒரே மூச்சு. இரண்டும் பிரியாமல் வந்தன.

அன்று விளக்கைப் பற்றவைக்கவில்லை. பெண்ணைக் குளிர்ந்த கரைசலில் ஊறப்போட்டாள். மறுநாள் காலை வரை அதன் பக்கமே போகவில்லை. மறுநாள் சில்லில் வைத்து, பிசின் விட்டு, மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள். ஆண் ருக்கையா. சந்தேகமே இல்லை. பெண்ணின் பையை எண்ணினாள்.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள். பிறகு பட்டாளத்து டாக்டரின் படத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து எண்ணினாள். ஒன்பது. சூட்டில் சுருங்கிய பையின் மூன்று மடிப்பைத்தான் அவள் எட்டு மாதமாக வளையம் என்று நம்பிக்கொண்டிருந்தாள்.

சில்லை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போனாள்.

“என் ஈ புதுசு இல்ல.”

“ஆமா.”

“பட்டாளத்து டாக்டரோடது.”

“ஆமா.”

“உங்க ருக்கையா அதோட ஆண்.”

ஆசிரியை கையிலிருந்த பேனாவை மூடினார். “ஆமா,” என்றார்.

“அப்போ ருக்கையாங்கற பேரும் நிக்காது.”

“முதல்ல எழுதின பேருதான் நிக்கும். அது விதி.”

“எந்த ஊர் விதி? அந்தக் கர்னல் இந்த மலையைப் பார்த்திருப்பானா? இந்த ஈ அவனை ஒரு தடவையாவது கடிச்சிருக்குமா? ஆட்டுக்காரி பேரு நிக்காது, உங்க உம்மா பேரு நிக்காது, அவன் பேரு மட்டும் நிக்கணுமா?”

“எனக்கும் கோபம்தான். ஆனா அந்த டாக்டர் பொறுமையா எண்ணியிருக்கார். ஒன்பதை ஒன்பதுன்னு எழுதியிருக்கார்.”

ஜெசிந்தா சில்லை மேஜைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள். “உங்களுக்கு எப்போ தெரியும்?”

ஆசிரியை எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். ஒரு மரத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் இரண்டே சில்லுகள் இருந்தன. ஒன்று ஜெசிந்தாவின் பெண். பக்கத்துப் பள்ளத்தில், சிவப்பு வட்டம் ஒட்டிய ஆண். எட்டு மாதமாக அவை அருகருகே இருந்திருக்கின்றன.

தட்டின் மூலையில் ஒரு தீப்பெட்டி. ஜெசிந்தா அதைத் திறந்தாள்.

உள்ளே நகத்தளவு சீட்டுகள். சில்லில் ஒட்டுவதற்காக மெல்லிய பேனாவால் எழுதியவை. ஒவ்வொன்றிலும் மேலே கர்னலின் பேர். அதற்குக் கீழே ருக்கையா என்று எழுதி ஒரு கோட்டால் அடித்திருந்தது. அடியில் தேதி. ஆகஸ்ட் ஒன்று, செப்டம்பர் ஒன்று, அக்டோபர் ஒன்று. பிப்ரவரி வரை ஏழு சீட்டுகள். எதிலும் பசை தடவியிருக்கவில்லை. நவம்பர்ச் சீட்டில் மை கலங்கியிருந்தது.

ஆசிரியை எட்டாவதாக ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தார். எழுதினார். கோட்டை இழுத்தார்.  சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை.

“ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சது நீதான். ஆணும் பெண்ணும் ஒண்ணுதான்னு காட்டினதும் நீதான். கட்டுரையை நீ எழுது. உன் பேர் மட்டும் போடு. கையெழுத்து இப்பவே போடறேன். மார்ச்சுக்குள்ள முடியும்.”

“லஞ்சமா மேடம்?”

“இல்ல. உன்னோடது.”

“சரி, வாங்கிக்கிடுதேன்.” ஜெசிந்தாவின் கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. “இசக்கியக்காகிட்ட நான் போய்ச் சொல்லிக்கிடுதேன். அவ சிரிப்பா. ஆனா எனக்கு ஒரு பதில் வேணும். எட்டு மாசம் நான் மலை ஏறி இறங்கினேன். முதல்நாளே உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை அனுப்பினீங்க. ஏன்?”

மேகம் இல்லாத நாள். ஜன்னலில் மலை முழுசாகத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள இடமில்லை.

ஆசிரியை விரலை எடுத்தார். சீட்டு ஒட்டிவிட்டிருந்தது.

“உன் ஈ எதுன்னு பார்க்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமா இருந்தது, ஜெசி,” என்றார். “எங்க உம்மாவை மறுபடியும் அந்த ஆறு பேர்ல எழுதத்தான் எட்டு மாசம் ஆச்சு.”